நாய்க்கு மயக்கம் கொடுக்கும்போது அமைதி மருந்தையும் வலி மருந்தையும் சேர்ப்பது எப்படி?

மயக்கம் கொடுக்கப் பழகும் புதிய கால்நடை மருத்துவர்களும் மாணவர்களும் முதலில் கேட்பது, “எதோடு எதைச் சேர்க்கலாம்?” என்றுதான். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். நாயை அமைதிப்படுத்துவது ஒரு வேலை, வலியை அடக்குவது வேறொரு வேலை. அமைதி மருந்தான அசிப்ரோமசின் முதல் வேலையை நன்றாகவே செய்யும், இரண்டாவதைத் தொடவே தொடாது. மூச்சு வழியே கொடுக்கும் மயக்க ஆவியான ஐசோஃப்ளூரேனும் அப்படித்தான். நாய் அசையாமல் தூங்கும். ஆனால் கத்தி படும்போது வலிச் செய்தி தண்டுவடம் வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெண் நாயின் கருப்பை நீக்க அறுவையில். பணிக்கு வந்த புதிது. அசிப்ரோமசின் போட்டேன், நாய் அழகாகப் படுத்துவிட்டது. சிரையில் போடும் மயக்க மருந்தான புரோபஃபால், மூச்சுக்குழாயில் டியூப், ஐசோஃப்ளூரேன், எல்லாம் சரி. கருமுட்டைப்பையை அறுவை செய்பவர் வெளியே இழுத்தார். தொண்ணூறில் இருந்த இதயத் துடிப்பு நூற்றறுபதுக்கு ஏறியது, மூச்சு வேகமானது. நான் ஐசோஃப்ளூரேனைக் கூட்டினேன். துடிப்பு கொஞ்சம் இறங்கியது, கூடவே இரத்த அழுத்தமும் சரிந்தது. குறைத்தால் துடிப்பு ஏறும், கூட்டினால் அழுத்தம் விழும். முக்கால் மணி நேரம் இதே இழுபறி. கண் விழித்த நாய் ஊளையிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று அது கேட்டது ஆழமான தூக்கத்தை அல்ல, ஒரு வலி மருந்தை.

இரண்டையும் சேர்க்கும்போது கணக்கு மாறுகிறது. ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) வலி மருந்தும் அமைதி மருந்தும் ஒன்றையொன்று தூக்கிவிடும். தனித்தனியாகக் கொடுத்தால் வேண்டியதைவிடக் குறைந்த அளவிலேயே நாய் அடங்கும். முன்மருந்து, அதாவது மயக்கத்துக்கு முன் போடும் அமைதி, வலி மருந்துகள், எதுவும் இல்லாத நாய்க்குக் கிலோவுக்கு 4 முதல் 6 மி.கி. புரோபஃபால் வேண்டியிருக்கும். நல்ல முன்மருந்துக்குப் பிறகு 1 முதல் 4 மி.கி.யிலேயே டியூப் போட்டுவிடலாம். ஐசோஃப்ளூரேனும் குறைவாகப் போதும், அதனால் அழுத்தம் நிற்கும்.

இங்கே வரும் அளவுகள் எல்லாம் பயிற்சி பெற்றவர்கள், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பயன்படுத்துவதற்கானவை. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்தால், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள், அது போதும். மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்க வேண்டாம். இபுபுரூஃபன் ஒன்றே நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

முதல் படி: மருந்தை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள்

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தராசில் ஏற்றுங்கள். ஈறின் நிறம், நாடி, மூச்சு, இதய ஒலி. முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறதா? நீர்ச்சத்து எப்படி? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறது? முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது நடந்ததா? இதையெல்லாம் வைத்து நாயை ஒன்றிலிருந்து ஐந்து வரையான உடல்நிலைப் படிகளில் ஒன்றில் நிறுத்துகிறோம். ஒன்று என்றால் நல்ல ஆரோக்கியம், ஐந்து என்றால் உயிருக்குப் போராடுகிறது.

இது வெறும் படிவம் நிரப்பும் வேலை இல்லை. பிரிட்டனில் நடந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதம், நோயுற்ற நாய்களில் 1.33 சதவீதம். ஒன்று இரண்டாயிரத்தில் ஒன்று, மற்றது எழுபத்தைந்தில் ஒன்று. அந்த இறப்புகளில் ஏறக்குறைய பாதி, அறுவை முடிந்த பிறகு நடந்தவை என்பதையும் மனதில் வையுங்கள். கடைசிப் படிக்கு வரும்போது இது தேவைப்படும்.

இரண்டாம் படி: அமைதி மருந்தைத் தேர்ந்தெடுப்பது

ஆரோக்கியமான, கொஞ்சம் பதற்றமான நாய்க்கு அசிப்ரோமசின் நல்ல தொடக்கம். கிலோவுக்கு 0.01 முதல் 0.05 மி.கி., தசையில். புதியவர்கள் 0.02-க்கு மேல் போக அவசியம் அரிதாகவே வரும். அளவைக் கூட்டினால் அமைதி அதே விகிதத்தில் கூடாது, நீடிக்கும் நேரம்தான் கூடும். இரத்த நாளங்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டையும் இழக்க வைக்கும். இதன் விளைவைத் திருப்பும் மருந்து கிடையாது, போட்டது போட்டதுதான், நாலைந்து மணி நேரம் இருக்கும். இரத்தம் இழந்த நாய்க்கு வேண்டாம். பாக்ஸர் இனத்திலும், மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் மரபணுவில் குறை உள்ள கோலி போன்ற மந்தை நாய்களிலும் அளவை இன்னும் குறையுங்கள்.

டெக்ஸ்மெடிடோமிடின்தான் புதியவர்களை மிகவும் குழப்புவது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். அமைதி, வலி நிவாரணம் இரண்டையும் ஓரளவு தரும். தசையில் கிலோவுக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம். போட்ட சில நிமிடங்களில் இரத்த நாளங்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தத்தைச் சமாளிக்க இதயம் தானாகவே துடிப்பைக் குறைக்கும். மானிட்டரில் ஐம்பது என்று காட்டும். ஈறு வெளிறியிருக்கும். நாக்கில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சரியாகப் பிடிக்காமல் தடுமாறும்.

இந்த இடத்தில் கை பதறி, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் குப்பியை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். அழுத்தம் ஏற்கனவே அதிகம், நாளங்கள் இறுகியிருக்கின்றன. அட்ரோபின் போட்டால் இறுகிய குழாய்க்கு எதிராக இதயத்தை வேகமாக ஓட வைக்கிறீர்கள். இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் தேவை ஏறும், தாறுமாறான துடிப்பும் வரலாம். முதலில் அழுத்தத்தை அளந்து பாருங்கள். நன்றாக இருந்தால் துடிப்பு மெதுவாக இருப்பதை விட்டுவிடலாம். துடிப்பும் குறைந்து அழுத்தமும் சரிந்தால்தான் கை வைக்க வேண்டும். அப்போது மூத்தவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அட்டிபாமிசோல் போட்டு மருந்தைத் திருப்புவதே வழி. இதய வால்வு நோய் உள்ள நாய்க்கும் அதிர்ச்சி நிலையில் வந்த நாய்க்கும் இந்த வகை மருந்தே வேண்டாம். சைலசினும் இதே குடும்பம், வாந்தி அதிகம். வேறு இல்லாத இடத்தில் பயன்படுத்துகிறார்கள். டெக்ஸ்மெடிடோமிடின் கையில் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

மிடசோலம் இதயத்தையும் மூச்சையும் அதிகம் தொடாது. வயதான நாய், மிகச் சிறிய குட்டி, நோயுற்ற நாய் ஆகியவற்றுக்கு ஏற்றது. கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மி.கி. ஆனால் துள்ளித் திரியும் ஆரோக்கியமான இளம் நாய்க்கு இதை மட்டும் போட்டால் அமைதிக்குப் பதில் கட்டுக்கடங்காத ஆட்டம்தான் வரும். டயசிபாமைத் தசையில் போடாதீர்கள், வலிக்கும், உறிஞ்சப்படுவதும் நிச்சயமில்லை.

மூன்றாம் படி: வலி எவ்வளவு பெரியது?

பல் சுத்தம், எக்ஸ்ரே, தையல் பிரிப்பது போன்றவற்றுக்கு பியூட்டர்ஃபனால் போதும். கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மி.கி. அமைதி நன்றாக வரும். வலி நிவாரணம் மிதமானது, ஒரு மணி நேரம் சொச்சம்தான் நிற்கும். வயிற்றைத் திறக்கும் அறுவைக்கு இதை மட்டும் நம்புவது தவறு.

கருப்பை நீக்கம், எலும்பு, காது, கட்டி அகற்றுவது என்றால் மார்ஃபின் அல்லது மெத்தடோன். மார்ஃபின் தசையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மி.கி. வாந்தி வரும். சிரைக்குள் வேகமாகத் தள்ளினால் ஹிஸ்டமின் வெளியேறி அழுத்தம் சரியும். மெத்தடோன் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி., வாந்தி குறைவு. குடல் அடைப்பு, கண்ணில் புண், தலையில் அடி என்று வரும் நாய்க்கு வாந்தி ஆபத்து, அங்கே மெத்தடோன்தான் பொருத்தம். மார்ஃபின் மட்டுமே இருந்தால், அசிப்ரோமசினைக் கால் மணி நேரம் முன்னால் போட்டுவிட்டு அப்புறம் மார்ஃபின் போடுங்கள். வாந்தி குறையும். பியூப்ரினார்ஃபின் கிலோவுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம், நடுத்தர வலிக்கு, ஆறு முதல் எட்டு மணி நேரம். வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

டிராமடால் மனிதர்களுக்குக் கேட்பதுபோல் நாய்களுக்குக் கேட்பதில்லை. வலியை அடக்கும் உருப்பொருளாக அதை மாற்றுவது நாயின் உடலில் மிகக் குறைவாகத்தான் நடக்கிறது. அறுவை வலிக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மார்ஃபின் வேலை செய்யும் இடத்தையே பியூட்டர்ஃபனால் அடைத்துக்கொள்ளும். பியூப்ரினார்ஃபினும் அந்த இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. காலையில் பியூட்டர்ஃபனால் போட்டுவிட்டு, அறுவை நடுவே வலி ஏறுகிறதே என்று, மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் கொடுத்தால் எதிர்பார்த்த பலன் வராது. அறுவை பெரிதாகலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் முதலிலேயே மெத்தடோனில் தொடங்குங்கள்.

நான்காம் படி: ஜோடி சேர்ப்பது

ஆரோக்கியமான இளம் நாய், கருப்பை நீக்கம்: அசிப்ரோமசின் 0.02 மி.கி.யும் மெத்தடோன் 0.3 மி.கி.யும். கடிக்க வரும் பெரிய நாய், இதயம் நன்றாக இருந்தால்: டெக்ஸ்மெடிடோமிடின் 5 மைக்ரோகிராமோடு மெத்தடோன். இதய முணுமுணுப்புள்ள பத்து வயது நாய்: மிடசோலம் 0.2, மெத்தடோன் 0.2. எல்லாம் கிலோ கணக்கு. இந்த மூன்றும் கையில் படிந்துவிட்டால் தினசரி வரும் நாய்களில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். தெரிந்த நாலு மருந்தை ஆழமாகத் தெரிந்து வைப்பதுதான் பாதுகாப்பு, பத்தை அரைகுறையாகத் தெரிந்து வைப்பதில் இல்லை.

அசிப்ரோமசினையோ டெக்ஸ்மெடிடோமிடினையோ மெத்தடோனோடு ஒரே சிரிஞ்சில் எடுக்கலாம். டயசிபாமை இவற்றோடு கலக்கக் கூடாது, கலங்கிவிடும். அழற்சி குறைக்கும் வலி மருந்துகளையும் தனி ஊசியாகத்தான் போட வேண்டும்.

ஐந்தாம் படி: கணக்கு

ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். 20 கிலோ. அசிப்ரோமசின் 0.02 மி.கி. என்றால் 20 × 0.02 = 0.4 மி.கி. குப்பியில் ஒரு மில்லிக்கு 10 மி.கி. என்று இருந்தால் எடுக்க வேண்டியது 0.04 மில்லி. சிரிஞ்சில் இது கண்ணுக்கே தெரியாத அளவு, ஊசி முனையில் தங்குவதே அவ்வளவு இருக்கும். ஆகவே 0.1 மில்லி மருந்தோடு 0.9 மில்லி சலைன் சேர்த்து ஒரு மில்லிக்கு 1 மி.கி. ஆக்கிக்கொள்ளுங்கள். இப்போது 0.4 மில்லி, எளிது. கலந்த சிரிஞ்சில் உடனே பெயரும் அடர்த்தியும் எழுதி ஒட்டுங்கள். இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதில் உள்ள கோடுகள் யூனிட் கணக்கு, மில்லி கணக்கு அல்ல. நாற்பது யூனிட் சிரிஞ்சும் நூறு யூனிட் சிரிஞ்சும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு மில்லி சிரிஞ்சையே பயன்படுத்துங்கள்.

அதே நாய்க்கு டெக்ஸ்மெடிடோமிடின் 5 மைக்ரோகிராம் என்றால் மொத்தம் 100 மைக்ரோகிராம். கால்நடைகளுக்கான குப்பியில் பொதுவாக மில்லிக்கு 500 மைக்ரோகிராம், அதனால் 0.2 மில்லி. மனிதர்களுக்கான குப்பியில் மில்லிக்கு 100 மைக்ரோகிராம், அப்போது 1 மில்லி. ஐந்து மடங்கு வித்தியாசம்! மருந்தின் பெயரைப் படித்தால் போதாது, அடர்த்தியை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கட்டும். இருவர் விடையும் ஒன்றாக வந்த பிறகுதான் ஊசி.

அவசர மருந்துகளின் கணக்கையும் இப்போதே போட்டு அட்டையில் எழுதுங்கள்: அட்ரோபின், அட்ரினலின், நலாக்ஸோன் (ஓபியாய்டைத் திருப்புவது), அட்டிபாமிசோல். இதயம் நின்ற பிறகு பெருக்கல் கணக்கு வராது.

ஆறாம் படி: போட்டுவிட்டுக் காத்திருப்பது

அசிப்ரோமசின் ஜோடிக்கு அரை மணி நேரம், டெக்ஸ்மெடிடோமிடின் ஜோடிக்குக் கால் மணி நேரம். வெளிச்சம் குறைந்த, சத்தம் இல்லாத இடம். இந்த நேரத்தைக் கொடுக்காமல், “இன்னும் படுக்கவில்லையே” என்று இரண்டாவது ஊசி போடுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. சத்தத்தில் விழித்தபடி போராடும் நாய்க்கு மருந்து பாதிதான் பிடிக்கும்.

தனியாக விடாதீர்கள். பக் போன்ற மூக்குச் சப்பையான நாய்கள் முன்மருந்திலேயே மூச்சுத் திணறலாம். அங்கேயே ஆக்ஸிஜன் வையுங்கள். டெக்ஸ்மெடிடோமிடினில் ஆழ்ந்து படுத்திருக்கும் நாய் ஒரு தட்டு விழும் சத்தத்தில் திடீரென்று தலையைத் தூக்கிக் கடிக்கும். முகத்துக்கு நேராகக் குனியாதீர்கள்.

ஏழாம் படி: அறுவை நடக்கும்போது

சிரையில் கேனுலா, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆக்ஸிஜன், அப்புறம் புரோபஃபால். கணக்குப் போட்டதில் கால் பங்கு மெதுவாக, அரை நிமிடம் பொறுத்துப் பார்த்து அடுத்த கால் பங்கு. டெக்ஸ்மெடிடோமிடின் போட்ட நாய்க்கு மருந்து மூளைக்குப் போய்ச் சேரவே தாமதமாகும், இன்னும் பொறுமை வேண்டும். வேகமாகத் தள்ளினால் மூச்சு நின்றுவிடும்.

வெட்டும் இடத்தில் உள்ளூர் மரப்பு மருந்து போடுவதை விட்டுவிடாதீர்கள். வலிச் செய்தியைத் தொடக்கத்திலேயே முழுதாகத் தடுப்பது இது ஒன்றுதான். லிடோகேன் மொத்தம் கிலோவுக்கு 5 மி.கி.க்குள். 20 கிலோ நாய்க்கு 100 மி.கி., அதாவது இரண்டு சதவீத மருந்தில் 5 மில்லி. பியூபிவகேன் கிலோவுக்கு 2 மி.கி.க்குள், நீண்ட நேரம் நிற்கும், சிரைக்குள் போனால் இதயத்தையே நிறுத்தும். ஒவ்வொரு முறையும் பிஸ்டனைப் பின்னால் இழுத்து, இரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகு தள்ளுங்கள்.

பெரிய அறுவைக்குச் சிறு அளவில் கெட்டமின் ஓட விடலாம். தண்டுவடம் வலிக்குக் கூர்மையாகிப் போவதை அது தடுக்கும். முதலில் கிலோவுக்கு 0.5 மி.கி. சிரையில். பிறகு 500 மில்லி திரவத்தில் 60 மி.கி. கெட்டமின் கலந்து, கிலோவுக்கு மணிக்கு 5 மில்லி ஓட விட்டால், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் கிடைக்கும். எந்த எடை நாய்க்கும் இதே கணக்கு பொருந்தும். அழுத்தம் விழுந்தால் அந்தப் பாட்டிலையே வேகமாகத் திறக்காதீர்கள், கெட்டமினும் சேர்ந்து ஓடும். கூடுதல் திரவத்துக்குத் தனிப் பாட்டில் தயாராக இருக்கட்டும்.

சராசரி அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆக்ஸிஜன் செறிவு 95-க்கு மேல். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு 35 முதல் 45. சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், நாய் குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். கத்தி பட்ட நேரத்தில் துடிப்பும் மூச்சும் அழுத்தமும் சேர்ந்து ஏறினால், ஆவி மருந்தின் குமிழைத் திருகும் முன் தாடை இறுக்கத்தையும் கண்ணின் நிலையையும் பாருங்கள். தாடை தளர்ந்து, கண் கீழ்நோக்கி உருண்டிருந்தால் நாய் ஆழமாகத்தான் இருக்கிறது. தேவை வலி மருந்து. ஃபென்டனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் சிரையில் மெதுவாகக் கொடுங்கள். மூச்சு குறைந்தால் பையை அமுக்கிக் காற்று கொடுக்கத் தயாராக இருங்கள்.

எட்டாம் படி: எழும் நேரம்

முதல் படியில் சொன்ன ஆய்வில், அறுவைக்குப் பின் இறந்த நாய்களில் பாதி, முதல் மூன்று மணி நேரத்திலேயே இறந்தவை. தியேட்டரில் எல்லோரும் கவனமாக இருப்போம். கூண்டில் வைத்த பிறகு ஆள் நகர்ந்துவிடுவார். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

டெக்ஸ்மெடிடோமிடினைத் திருப்ப வேண்டும் என்றால், மில்லிக்கு 500 மைக்ரோகிராம் குப்பியில் எவ்வளவு மில்லி போட்டீர்களோ அதே மில்லி அட்டிபாமிசோல், மில்லிக்கு 5 மி.கி. உள்ளது, தசையில். அமைதியோடு அது தந்த வலி நிவாரணமும் போய்விடும். மெத்தடோன் இன்னும் வேலை செய்கிறதா என்று நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நீர்ச்சத்து சரியாக இருந்து, அழுத்தமும் நின்று, சிறுநீரகமும் நன்றாக இருந்தால் அழற்சி குறைக்கும் மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.2 மி.கி. நல்ல துணை. ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்க்குக் கூடாது.

எழுந்த நாய் கத்துகிறது. வலியா, மருந்தின் குழப்பமா? பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தடவிக் கொடுங்கள். காயத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மெதுவாக விரலை வைத்து அழுத்துங்கள். திரும்பிப் பார்த்தாலோ உடல் இறுகினாலோ வலி. எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி, யாரையும் அடையாளம் தெரியாமல் கத்தினால் குழப்பமாக இருக்கலாம். தீர்மானிக்க முடியவில்லையா? முதலில் வலிக்கு மருந்து கொடுங்கள். கிளாஸ்கோ வலி அட்டவணையின் சுருக்க வடிவத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். 24-க்கு 6 வந்தாலே கூடுதல் மருந்து, நடக்க முடியாத நாய்க்கு 20-க்கு 5.

சத்தமே போடாமல் கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நாயையும் இதே அட்டவணையில் போட்டுப் பாருங்கள். முதுகு வளைந்து, கண் பாதி மூடி, பெயர் சொன்னாலும் வாலை ஆட்டாமல் இருக்கும். கத்துகிற நாயைவிட இதைத்தான் எளிதில் விட்டுவிடுவோம்.

பணி மாறும்போது கூண்டு அட்டையில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: மருந்து, அளவு, போட்ட நேரம், அடுத்த டோஸ் எப்போது. மெத்தடோன் நாலு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். மாலை ஆறு மணிக்குப் போட்டிருந்தால் “இரவு 10 மணி, முதலில் வலியைப் பார்க்கவும்” என்று எழுதுங்கள். இரவுப் பணிக்கு வருபவரைக் கூண்டுக்கு முன் அழைத்துப் போய், நாயின் காயத்தருகே அவரே ஒருமுறை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.